ராகத்துக்கு அடியில் பேஸ்: ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுத வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்நாடக இசை கற்றவர் முதன்முதலில் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதினாலும், மேற்கத்திய இசை படித்தவர் முதன்முதலில் ராகத்தைத் தொட்டாலும், ஸ்கோரில் (எல்லாக் கருவிகளின் வரிகளையும் எழுதிய தாளில்) சிவப்பு மை விழும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். இன்று நன்றாக எழுதுகிறவர்களின் பழைய ஸ்கோர்களைப் புரட்டினாலும் அதே இடங்களில் அதே மை. ஸ்ருதி மாற்றி எழுத மறந்த கிளாரினெட், மூச்சுவிட இடமில்லாத ஓபோ இதெல்லாம் முதல் ஒத்திகையிலேயே தானாகத் திருந்திவிடும். அவற்றை விடுவோம்.

பேஸ் நகர்ந்தால் ராகமும் நகரும்

பேஸ் என்பது எல்லாவற்றுக்கும் அடியில் ஒலிக்கும் வரி. காசையும் நேரத்தையும் அதிகம் தின்பது இதுதான். ராகத்தின் ஸ்வரங்களை வரிசையாக எழுதிக்கொள்கிறார்கள். அவற்றிலிருந்தே கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) உருவிப் பாட்டுக்கு அடியில் அடுக்குகிறார்கள். வெளி ஸ்வரம் ஒன்றுகூட இல்லையே என்ற நிம்மதி வேறு.

ஹிந்தோளத்தை எடுங்கள். ஸ என்பதை சி என்று வைத்தால் ஸ்வரங்கள் சி, ஈ ஃப்ளாட், எஃப், ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட். தைவதத்தின் மேல் கட்டிய ஏ ஃப்ளாட் மேஜர் கார்டில் உள்ள மூன்று ஸ்வரங்களும் ராகத்துக்குள் இருப்பவைதான். ஆனால் செல்லோவும் டபுள் பேஸும் அந்த ஏ ஃப்ளாட்டில் 2 பார் (ஸ்கோரின் தாளக் கட்டம்) நின்றுவிட்டால், காது அதையே ஸ என்று எடுத்துக்கொள்ளும். அங்கிருந்து எண்ணினால் அதே 5 ஸ்வரங்கள் மோகனம். பேஸ் ஈ ஃப்ளாட்டுக்குப் போனால் சுத்த ஸாவேரி, எஃப்புக்குப் போனால் சுத்த தன்யாசி, பி ஃப்ளாட்டுக்குப் போனால் மத்யமாவதி. வித்வான்கள் தெரிந்தே, அளந்து செய்கிற கிரக பேதத்தை (ஸவை வேறு ஸ்வரத்துக்கு மாற்றி வேறு ராகம் காட்டுவதை), உங்கள் பேஸ் வரி தெரியாமலேயே பாருக்கு ஒரு முறை செய்துகொண்டிருக்கிறது.

ஒத்திகையில் இது வெளிப்படும் விதம்தான் எரிச்சல். பாடகர் பாதியில் நிறுத்தி "ஸ்ருதி சேரலை" என்பார். ட்யூனரை வைத்துப் பார்த்தால் எல்லாக் கருவியும் சரியாக இருக்கும். தம்பூராவைக் கூட்டுவார்கள், மானிட்டரை மாற்றுவார்கள், செல்லோக்காரரை முறைப்பார்கள். ஒரு மணி நேரம் போய்விடும். 60 பேர் சம்பளத்தோடு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பாடகர் சொன்னது சரிதான். அவருடைய ஸ காலடியிலிருந்து நழுவியிருக்கிறது. அதைச் சொல்ல அவரிடம் இருக்கும் சொல் ஸ்ருதி. தவறு கருவியில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது.

மோகனத்தில் இன்னும் மோசம். வரியை முடிக்க ஐந்தாம் ஸ்வரத்தின் செவன்த் கார்டைப் போடுவது மேற்கத்தியப் பயிற்சியில் கை தானாகச் செய்கிற வேலை. அந்தக் கார்டில் ப, நி, ரி, ம. நான்கில் இரண்டு மோகனத்திலேயே கிடையாது. மெட்டை ஸவிலிருந்து பவுக்கு அப்படியே ஏற்றிக் கேனன் (ஒரே மெட்டு ஒன்றையொன்று துரத்தும் வரிகள்) எழுதினாலும் இதே கதை: மோகனத்தின் காந்தாரம் காகலி நிஷாதமாகி வெளியே போய் நிற்கும். பிலஹரியில் வயோலா ஸ ரி க ம ப என்று நேராக ஏறினால், மேலே பாடகர் எவ்வளவு சுத்தமாகப் பாடினாலும் சங்கராபரண வாசனை வந்துவிடும். ஆரோகணம் அவரோகணம் உள் வரிகளையும் கட்டுப்படுத்தும்.

இதற்கு மறுப்பாக முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களைக் காட்டுவார்கள். அவை மேற்கத்திய மெட்டுகளுக்கே அமைத்த சாஹித்யங்கள். கார்டு அந்த மெட்டுகளின் எலும்பிலேயே இருக்கிறது. கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதற்கு, அங்கே பெரிய வேலை இல்லை. அதை வைத்து ஒரு சங்கராபரண ஆலாபனைக்கு அடியில் அதே கார்டுகளை நீட்டலாம் என்று முடிவு கட்டக் கூடாது.

தனிக்கலைஞர் பாடும் வரை அடி ஸ்வரம் ஸவிலேயே இருக்கட்டும்; பஞ்சமம் உள்ள ராகமானால் ஸவும் பவும். ஹிந்தோளம் போலப் பஞ்சமம் இல்லாததில் மத்யமத்தைச் சேர்க்கலாம், ஆனால் அதற்குக் கீழே ஸ ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். அசைவை மேல் வரிகளுக்குக் கொடுங்கள்: ராகத்தின் பிடிகளையே ஓபோவும் வயோலாவும் ஒரு ஸ்தாயி இடைவெளியில் துரத்தட்டும். பேஸ் நகர்ந்தே ஆக வேண்டும் என்றால் தனிக்கலைஞரை நிறுத்திவிட்டு நகர்த்துங்கள், அவர் திரும்ப நுழைவதற்கு முழுசாக ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) முன்பே ஸவுக்கு வந்துவிடுங்கள். எழுதி முடித்ததும் தம்பூரா இல்லாமல் பேஸையும் மெட்டையும் மட்டும் வாசித்து, ராகம் தெரிந்த ஒருவரிடம் பெயர் கேளுங்கள். வேறு பெயர் சொன்னால் திருத்த வேண்டியது பேஸைத்தான்.

பதினான்கு வயலின், ஒரே கமகம்

தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்கிற ஸ்வரம் அல்ல. ஒரு வித்வான் அசைத்தால் உயிர் வருகிறது. 14 வயலின்கள் சேர்ந்து அசைத்தால் ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில் போய்க் கூழாகிவிடும். ஒவ்வொரு அசைவையும் பொடி நோட்டுகளாக எழுதிக் கொடுத்தாலும் தீராது: அவர்கள் எழுத்தை வாசிப்பார்கள், கமகத்தை அல்ல. கமகம் தனிக்கலைஞருக்கு. கூட்டத்துக்கு ஸ, ப, ராகம் இடம் கொடுத்தால் ஒரு நேர்மையான மத்யமம். முக்கியமாக, பாடகர் அசைக்கிற ஸ்வரத்தை ஹார்ன் தட்டையாக நீட்டிப் பிடிக்கக் கூடாது. இரண்டும் மோதும்போது பாடகர்தான் தப்பாகப் பாடுவதுபோல் கேட்கும்.

கோர்வை வந்ததும் பாரை மாற்றுவது

கோர்வை என்பது கணக்குப் போட்டு முடிக்கும் தாளக் கோவை. அதில் 5 மாத்திரைச் சொல் வந்தால் 5/16, அடுத்தது 7 என்றால் 7/16 என்று மாற்றிக்கொண்டே போகிறார்கள். மிருதங்கக்காரர் ஆதி தாளத்தில் இருக்கிறார், ஆர்க்கெஸ்ட்ரா எங்கோ இருக்கிறது, சமம் (தாளத்தின் தொடக்க அடி) யாருக்கும் தெரியாது. ஆதி தாளத்தை 4/4இல் இரண்டு பாராக வையுங்கள், கடைசிவரை மாற்றாதீர்கள். முடிவாக வரும் தீர்மானத்தைத் தாளச் சொற்கட்டாகவே வரிக்கு மேலே எழுதி, அழுத்தக் குறி போடுங்கள். இடைவெளி இல்லாமல் மூன்று முறை "ததிங்கிணதொம்" 15 மாத்திரை. சதுஸ்ர நடையில் (அடிக்கு 4 மாத்திரை) இரண்டாம் பாரில் 16 மாத்திரை. முதலாவது மௌனம், அழுத்தம் 2, 7, 12இல், அடுத்த பாரின் தலையில் சமம். கண்டக்டர் கை நான்கையே காட்டிக்கொண்டிருக்கலாம்.

மிஸ்ர சாபு மட்டும் விதிவிலக்கு: 7/8 என்று எழுதினால் போதாது, 3+2+2 என்று பிரித்துக் காட்டுங்கள். காட்டாவிட்டால் பாதிப் பேர் 2+2+3 எண்ணுவார்கள்.

கட்டை கேட்காமல் எழுதுவது

பாடகரின் கட்டையை, அதாவது அவர் ஸ வைக்கும் ஸ்ருதியை, கேட்டுவிட்டு எழுதுங்கள். சி-யில் எழுதிய ஸ்கோரை அரைக் கட்டை இறக்கினால், செல்லோவின் அடி ஸ அந்தக் கருவியிலேயே இல்லாமல் போகும். ஒன்றரைக் கட்டைப் பாடகர் இரண்டுக்கு, அதாவது டி-க்கு, சம்மதித்தால் தந்தி வாத்தியங்களுக்கு ஸவும் பவும் திறந்த தந்தியில் கிடைக்கும். அதையும் முதலிலேயே கேட்க வேண்டும். கடத்துக்கும் புல்லாங்குழலுக்கும் ஸ்ருதி உடலிலேயே இருக்கிறது, கடைசி நாளில் மாற்ற முடியாது. ஆர்க்கெஸ்ட்ரா ஏ-வை 440இல் வைக்கிறதா 442இலா என்பதையும் கேட்டு, ஸ்ருதிப் பெட்டியை அதற்கு நகர்த்துங்கள்.

பியானோவில் நீளும் காந்தாரம்

தம்பூராவிலிருந்து எழும் அந்தர காந்தாரம், பியானோவினுடையதைவிடச் சுமார் 14 சென்ட் கீழே. அரை ஸ்வரத்துக்கு 100 சென்ட் என்று வைத்துப் பாருங்கள், சின்ன இடைவெளி அல்ல. பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான். பியானோவுக்கும் ஹார்ப்புக்கும் ஸ, ப நீளலாம். காந்தாரம் தட்டிவிட்டுப் போகட்டும்.

பியானோவில் கமகம்

வேண்டாம்.

கல்பனாஸ்வரத்துக்கு 16 பார்

கல்பனாஸ்வரம் அந்த இடத்திலேயே கற்பனை செய்து பாடுவது. பார் எண்ணிக்கை கொடுத்தால் வித்வான் எண்ணிக்கொண்டே பாடுவார், அப்புறம் அது கல்பனையா? ஒரு ஆவர்த்தனத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்படி அடைத்துவிட்டு, வெளியே வரும் அடையாளமாக முடிவுக் கோர்வையை மட்டும் முன்கூட்டியே நிலைப்படுத்துங்கள். அதைக் கண்டக்டர் ஸ்கோரில் முழுசாக எழுதுங்கள். கோர்வை மூன்றாம் முறை தொடங்கும்போது கண்டக்டரின் இடது கை மேலே. மற்றவர்கள் அடுத்த சமத்தில் நுழைகிறார்கள். அந்தக் கையை எல்லோரும் பார்த்துப் பழகியிருக்க வேண்டும், ஒத்திகையில் குறைந்தது 3 தடவை.

வீணையும் ட்ராம்போனும் ஒரே பாரில்

வீணை கேட்காது. மைக் வைத்தாலும்.