குடும்பத்தோடு பாலைவனப் பள்ளத்தாக்குகளுக்கு: ஏழு நாள் கார்ப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

அமெரிக்காவின் மேற்கிலுள்ள லாஸ் வேகாஸில் வாடகைக் காரை எடுத்து, சையான், பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்காக்கள், பேஜ் என்னும் ஊர், கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் தென்விளிம்பு என்று சுற்றி, மறுபடி லாஸ் வேகாஸுக்கே வந்து சேரும் வழி இது. மொத்தம் சுமார் 1,300 கிலோமீட்டர். எழுபது வயது அம்மா, நான்காம் வகுப்பு மகன், ஐந்து வயது மகள் ஆகியோரோடு நாங்கள் போய்வந்தோம். அம்மாவின் முழங்காலையும் மகளின் தூக்கத்தையும் வைத்தே ஒவ்வொரு நாளையும் அமைத்தோம். முதன்முறை போகிறவர்களுக்கும் அதையே சொல்வேன்.

படி 1: மாதம்

ஏப்ரல், மே நல்லது. தவறினால் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். கோடையில் கிராண்ட் கேன்யனின் அடியில் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நாம் வெயிலுக்குப் பழகியவர்கள்தானே என்று எண்ணிவிடாதீர்கள். இந்தக் காற்றில் ஈரமே இல்லை. வியர்வை சுரந்ததும் உலர்ந்துவிடுவதால், உடலில் நீர் குறைவதே தெரியாது. அதே பயணத்தில் குளிரும் உண்டு. பிரைஸின் விளிம்பு 2,400 மீட்டருக்கு மேல், ஊட்டியைவிட உயரம். மே மாத இரவிலும் நீர் உறையலாம். ஆளுக்கொரு கம்பளிச் சட்டை கட்டாயம்.

படி 2: இரவுகளைப் பங்கிடுதல்

சையான் வாசலிலுள்ள ஸ்பிரிங்டேலில் இரண்டு இரவு, பிரைஸில் ஒன்று, பேஜில் ஒன்று, கிராண்ட் கேன்யனில் இரண்டு. கடைசி நாள் தவிர, ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டியிருக்காது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று மானுமென்ட் வேலி, ஆர்ச்சஸ் போன்ற மற்ற பாறை நிலங்களையும் சேர்த்துக்கொள்ள ஆசை வரும். சேர்க்காதீர்கள். பின்னிருக்கையில் அழும் குழந்தையோடு பார்க்கும் எந்தப் பாறையும் மனதில் நிற்காது.

படி 3: நுழைவுக் கட்டணம்

அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மூன்று தேசியப் பூங்காக்களிலும் ஒரு காருக்கு 35 டாலர் வீதம் கட்டணம். அவர்கள் 80 டாலர் ஆண்டு பாஸ் வாங்கினால் லாபம். வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு அந்தப் பாஸ் 2026 முதல் 250 டாலர். பலருக்குத் தெரியாத ஒன்று: அமெரிக்காவில் நான்காம் வகுப்பு படிக்கும் குழந்தைக்கு இலவச பாஸ் உண்டு, காரில் இருக்கும் குடும்பத்தினரும் அதிலேயே உள்ளே போகலாம். வாசலில் தன் பாஸை நீட்டிய மகனின் முகத்தை இன்னும் மறக்கவில்லை. பேஜ் அருகிலுள்ள குறுகிய பாறை இடுக்கான ஆன்டிலோப் கேன்யன், நவஹோ என்னும் பழங்குடி மக்களின் நிலம், ஆகவே அங்கே இந்தப் பாஸ் செல்லாது. வழிகாட்டியோடுதான் நுழைய முடியும், முன்பதிவும் தேவை.

படி 4: காரில் வைக்க வேண்டியவை

தண்ணீர்தான் முதலில். ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று கணக்கிடுங்கள். ஊர்களுக்கு இடையே கடைகள் அரிது. பெட்ரோல் பாதியாகும்போதே நிரப்புங்கள். செல்பேசி சிக்னல் அடிக்கடி அறுந்துபோகும், வரைபடத்தை முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். நாங்கள் சிறிய ரைஸ் குக்கரும் ஐஸ் பெட்டியும் கொண்டுபோனோம். முதல் நாள் புளிசாதம், பிறகு தினமும் தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும். மதிய உணவு தேடி அலையாததால் நாளுக்கு ஒரு மணி நேரமாவது மிஞ்சியது.

படி 5: கடிகாரம்

சையானும் பிரைஸும் யூட்டா மாநிலத்தில், பேஜும் கிராண்ட் கேன்யனும் அரிசோனாவில். மார்ச் முதல் நவம்பர் வரை யூட்டா நேரம் அரிசோனாவைவிட ஒரு மணி முன்னால். நவஹோ நிலம் அரிசோனாவுக்குள் இருந்தாலும் யூட்டா நேரத்தைப் பின்பற்றும். பேஜ் எல்லையோர ஊர் என்பதால் செல்பேசி எந்த நேரத்தையும் காட்டலாம். அதை நம்பிய நாங்கள் ஆன்டிலோப்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் வெயிலில் காத்திருந்தோம். டிக்கெட் எந்த ஊர் நேரத்தில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: எங்கே என்ன பார்ப்பது

சையானில் ஷட்டில் பஸ் ஓடும் மாதங்களில் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் காருக்கு அனுமதியில்லை. காலை ஏழு மணிக்கே பஸ் ஏறுங்கள். கடைசி நிறுத்தத்தில் தொடங்கும் ரிவர்சைடு வாக், விர்ஜின் ஆற்றை ஒட்டிய தளமிட்ட பாதை, அம்மா தடியூன்றி நடந்தார். பிரைஸுக்குப் போகும்போது 1930இல் முடிக்கப்பட்ட மலைச்சுரங்கப் பாதை வரும். பிரைஸில் ஹூடூ எனப்படும் செந்நிறக் கற்தூண்கள். பாறை வெடிப்பில் புகும் நீர் இரவில் உறைந்து விரிந்து, பகலில் உருகி, கல்லைப் பிளந்துகொண்டே இருக்கிறது. சூரிய உதயத்துக்கு எழுந்துவிடுங்கள்.

ஆன்டிலோப்பின் லோயர் பகுதியில் செங்குத்தான இரும்பு ஏணிகள் உண்டு. முழங்கால் வலியுள்ளவர்களுக்கு அப்பர் பகுதி மேல், அங்கும் வெளியேறும் வழியில் படிகள் இருக்கின்றன. மழை அறிவிப்பு இருந்தால் எந்தப் பாறை இடுக்குக்குள்ளும் போகாதீர்கள். 1997 ஆகஸ்ட் 12 அன்று வெகு தொலைவில் பெய்த மழை காட்டாற்று வெள்ளமாக வந்து, லோயர் பகுதியில் 11 பேரைக் கொன்றது. பயணம் வீணானாலும் பரவாயில்லை என்று நான் எண்ணும் ஒரே இடம் இதுதான்.

கிராண்ட் கேன்யனுக்குக் கிழக்கு வாசல் வழியாக நுழைந்தால், மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1932இல் எழுந்த டெசர்ட் வியூ கோபுரம் முதலில் வரும். மறுநாள் விளிம்பிலேயே நடங்கள். குழந்தைகளோடு அடிவரை இறங்கத் துணியாதீர்கள், ஏறுவதற்கு இறங்கிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆகும். விளிம்பிலுள்ள யாவபாய் அருங்காட்சியகத்தின் அருகில் தொடங்கும் 'காலத்தின் பாதை'யில் ஒரு மீட்டர் என்பது பத்து லட்சம் ஆண்டுகள். பாட்டியின் எழுபது வயது எவ்வளவு தூரம் என்று மகன் கேட்டான். கணக்குப் போட்டுப் பார்த்தோம்: ஒரு தலைமுடியின் கனம். அம்மா தன் நரைமுடி ஒன்றைப் பிடுங்கி அவன் உள்ளங்கையில் வைத்தார்.

படி 7: திரும்புதல்

வில்லியம்ஸ், கிங்மன் வழியாக லாஸ் வேகாஸ் சுமார் 450 கிலோமீட்டர். காலை எட்டு மணிக்குள் கிளம்பினால், ஹூவர் அணையில் இறங்கிப் பார்த்துவிட்டும் மாலைக்குள் காரை ஒப்படைத்துவிடலாம்.