இணையவழிக் குழுப் பயிற்சிகள்: வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்கு மாணவர்களை ஒரு கூகுள் டாக்ஸ் கோப்பில் சேர்த்து, "2015 சென்னை வெள்ளம் பற்றி அறிக்கை எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டால் கூட்டுக் கற்றல் தானாக நடந்துவிடும் என்று நம்புவதே தலையாய தவறு. அந்தக் கோப்பின் திருத்த வரலாற்றைத் திறந்து பார்த்தால், கெடு முடியும் இரவில் ஒருவர் முழு அறிக்கையையும் ஒட்டியிருப்பார். இன்னொருவர் இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தியிருப்பார். மற்ற இருவரின் பெயர்கள் முகப்பில் மட்டும் இருக்கும். இதற்காக மாணவர்களைக் கடிந்துகொள்வது முறையல்ல. கயிறு இழுப்பதில் ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் இடும் விசை குறைவதைப் பிரெஞ்சுப் பொறியாளர் ரிங்கல்மான் 1913இலேயே எழுதிவிட்டார். ஒருங்கிணைப்புச் சிக்கலோடு முயற்சிக் குறைவும் இதற்குக் காரணம் என்பதை 1979இல் உளவியலாளர் லட்டானேயும் அவருடைய சகாக்களும் சோதனையில் காட்டினர். தனியாளாக முடிக்கக்கூடிய வேலையைக் குழுவுக்குக் கொடுத்தால், அதை ஒருவர்தான் முடிப்பார்.

இதற்கான மாற்று 1971இலேயே கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உளவியலாளர் எலியட் ஆரன்சன், பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுத்து, மற்றவரிடம் கேட்டால்தான் முழுமையாகப் புரியும்படி செய்தார். வெள்ளப் பாடத்தையும் அப்படியே பிரிக்கலாம்: ஒருவருக்கு மழை அளவு, ஒருவருக்குச் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்வரத்தும் திறப்பும், ஒருவருக்கு அடையாற்றங்கரை ஆக்கிரமிப்பு, ஒருவருக்குப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். பிறகு, "எந்த ஒரு முடிவை மாற்றியிருந்தால் சேதம் அதிகம் குறைந்திருக்கும்?" என்று கேட்க வேண்டும். நான்கு ஆவணங்களையும் எல்லோருக்கும் அனுப்பிவைத்தால் இந்த ஏற்பாடு அங்கேயே சிதைந்துவிடும். நல்லெண்ணத்தில் பலரும் செய்வது அதைத்தான்.

ஜூம் வகுப்பில் சிறுகுழு அறைகளுக்கு அனுப்பி "விவாதியுங்கள்" என்று மட்டும் சொல்வது இன்னொரு தவறு. ஆசிரியர் ஒரு நேரத்தில் ஓர் அறையில்தான் இருக்க முடியும். மற்ற அறைகளில் யார் முதலில் பேசுவது என்ற தயக்கத்திலேயே நேரம் கரைகிறது. யார் தொடங்குவது, எத்தனை நிமிடம், திரும்பும்போது எந்த ஒரு வாக்கியத்தை எழுதிக் கொண்டுவர வேண்டும் என்ற மூன்றும் அறைக்குள் போகும் முன்பே திரையில் இருக்க வேண்டும்.

சக மாணவர் மதிப்பீட்டில் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்று" என்ற பதில்தான் வரும். "கூற்றுக்கு ஆதாரம் தரப்படாத ஓரிடத்தை எடுத்துக்காட்டுக" என்று கேட்டால் மாணவர் படித்தே ஆக வேண்டும். மூடுல் (Moodle) என்ற இணையவழிக் கற்பித்தல் மென்பொருளின் பணிமனைக் கருவி (Workshop), படைப்புக்கு 80 மதிப்பெண், மதிப்பிடும் தரத்துக்கு 20 என்ற இயல்பு அமைப்போடு வருகிறது; மதிப்பிடுவதும் கற்றலே என்பதால் அந்த 20ஐப் பூச்சியமாக்கிவிடக் கூடாது. குழு முழுவதற்கும் ஒரே மதிப்பெண் அளிப்பதும் சரியன்று. தனிப் பங்குக்கும் ஒரு பகுதி வேண்டும்.

கணினித் திரையில் வடிவமைத்ததைப் பல மாணவர்கள் கைபேசியில்தான் செய்கிறார்கள் என்பதை மறப்பது, கண்ணில் படாமல் போகும் தவறு. பத்து நெடுவரிசைகள் கொண்ட பகிர்வு அட்டவணையில் கட்டைவிரலால் தட்டச்சு செய்பவர் ஒதுங்கிப்போவது இயல்பு. பயிற்சியை வெளியிடும் முன், வடிவமைத்தவர் தம் கைபேசியில், வைஃபையை அணைத்துவிட்டு, அதை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும்.