பழைய இலகு எஃகு சைக்கிளை மீட்டெடுப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

1935ஆம் ஆண்டு பர்மிங்காம் நகரத்து ரெனால்ட்ஸ் நிறுவனம் 531 என்ற எண்ணில் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழாயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரை, ஐரோப்பாவில் கையால் கட்டப்பட்ட நல்ல பந்தய சைக்கிள்களும் நெடும்பயண சைக்கிள்களும் பெரும்பாலும் இந்தக் குழாயிலோ மிலான் நகரத்துக் கொலம்பஸ் குழாயிலோதான் உருவாயின. இணைப்பு வரும் முனைகளில் தடித்தும், சுமை குறைவான நடுப்பகுதியில் மெலிந்தும் இருக்கும்படி இழுக்கப்பட்ட குழாய்கள் இவை. நடுப்பகுதியின் சுவர் சுமார் 0.6 மி.மீ. தடிமன்தான் இருக்கும். எடை குறைந்ததற்கும், ஓட்டும்போது ஃப்ரேம் துள்ளலுடன் இருப்பதற்கும் அதுவே காரணம். மீட்டெடுக்கும்போது நாம் மிகுந்த கவனத்துடன் இருக்க வேண்டியதற்கும் அதுவே காரணம்.

நம் ஊர் வாசகர்களுக்கு இந்தக் குழாயோடு ஒரு தொடர்பு உண்டு. ரெனால்ட்ஸ் சேர்ந்திருந்த பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமமும் முருகப்பா குழுமமும் கைகோத்து 1949இல் தொடங்கியதுதான் அம்பத்தூரின் டி.ஐ. சைக்கிள்ஸ். அங்கு உருவான ஹெர்குலிஸ் கனமான சாலை சைக்கிள் என்பது உண்மை. ஆனாலும் அதன் பாகங்களைக் கழற்றிப் பழகிய கைக்குப் பழைய பிரிட்டிஷ் இலகு சைக்கிள் அந்நியமாகத் தோன்றாது.

முதல் படி: எதை வாங்குவது

முதல் சைக்கிளாக 1960களின் இறுதி முதல் 1980களின் நடு வரை உருவான பிரிட்டிஷ் அல்லது ஜப்பானிய சைக்கிளைத் தேர்ந்தெடுக்குமாறு பரிந்துரைக்கிறேன். பிரிட்டனில் கார்ல்டன், ஹோல்ட்ஸ்வொர்த், கிளாட் பட்லர், மெர்சியன் போன்ற பெயர்களும், ஜப்பானில் டாங்கே, இஷிவாட்டா குழாய்களில் கட்டப்பட்ட ஃப்ரேம்களும் கவனிக்கத்தக்கவை. இவற்றின் மரைகள் பெரும்பாலும் ஆங்கில அளவில் இருப்பதால் மாற்றுப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. அக்காலத்துப் பிரெஞ்சு சைக்கிள்கள் அழகானவை. விலையும் பல வேளைகளில் குறைவு. ஆனால் அவற்றின் ஸ்டெம் (ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டு), பெடல், அடிக் கப் (பெடல் கைகளின் அச்சைத் தாங்கும் கிண்ணம்) எல்லாமே தனி அளவு என்பதால், அவற்றை இரண்டாவது மூன்றாவது சைக்கிளாக வைத்துக்கொள்வது நல்லது.

பெயரைவிட முக்கியமானது ஃப்ரேமின் உயரம். உங்கள் உடலுக்குப் பொருந்தாத சைக்கிள் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் சுவரில்தான் தொங்கும். அடுத்து, முடிந்தவரை முழுமையான சைக்கிளாக வாங்குங்கள். வெறும் ஃப்ரேமை மலிவாக வாங்கி, அதற்குரிய காலத்துப் பிரேக், கியர், ஹப் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தேடினால் செலவு பன்மடங்காகிவிடும்.

இரண்டாம் படி: பணம் கொடுக்கும் முன் சோதனை

சைக்கிளை வெளிச்சத்தில் நிறுத்தி, மேல் குழாயும் கீழ்க் குழாயும் தலைக் குழாயுடன் (ஃபோர்க்கின் தண்டு நுழையும் முன்குழாய்) சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், குழாயின் அடிப்புறத்தை விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முன்பக்கம் மோதிய ஃப்ரேமில் முனையின் தடித்த பகுதி முடிந்து மெல்லிய பகுதி தொடங்கும் இடத்தில் குழாய் மடிந்து ஒரு சிறு மேடு எழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத மேடும் விரலுக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் குறுக்காக வெடித்திருந்தாலும் சந்தேகம் கொள்ளுங்கள். ஃபோர்க் பின்னோக்கித் தள்ளப்பட்டிருக்கிறதா என்பதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் கண்டுகொள்ளலாம்.

பின் சக்கரத்தைக் கழற்ற அனுமதி கிடைத்தால் நூல் சோதனையும் செய்யுங்கள். பின் அச்சு உட்காரும் ஒரு பக்கத் தகட்டில் நூலைக் கட்டி, தலைக் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கத் தகட்டில் விறைப்பாகக் கட்ட வேண்டும். இரு நூல்களும் சீட் குழாயிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் ஃப்ரேம் நேராக உள்ளது. ஓரிரு மி.மீ. வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

கடைசியாகச் சீட் பில்லரும் (இருக்கையைத் தாங்கும் தண்டு) ஸ்டெம்மும் அசைகின்றனவா என்று பாருங்கள். அலுமினியத் தண்டு எஃகுக் குழாய்க்குள் பல ஆண்டுகள் ஈரத்தோடு இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டுவிடும். இப்படி இறுகிய பில்லரை எடுப்பது தொடக்கநிலையினருக்கான வேலை அன்று. அத்தகைய சைக்கிளை விட்டுவிடலாம்.

மூன்றாம் படி: அடையாளம் காணுதல்

ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம்; 531 ஸ்டிக்கர் புதிதாக அச்சிட்டும் விற்கப்படுகிறது. சீட் பில்லரின் விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து பாருங்கள். பிரிட்டிஷ் அளவுள்ள 28.6 மி.மீ. வெளிவிட்டக் குழாயில் 27.2 மி.மீ. பில்லர் பொருந்தினால் குழாய்ச் சுவர் மெல்லியது, தரமானது. 26 மி.மீ.க்கு அருகில் இருந்தால் சாதாரணத் தடித்த குழாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பிரெஞ்சு ஃப்ரேமுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதன் குழாய் 28 மி.மீ. என்பதால் நல்ல ஃப்ரேமிலும் 26.4 மி.மீ. பில்லரே இருக்கும்.

காலத்தைக் கணிக்கப் பாகங்கள் உதவும். ஸ்டர்மி ஆர்ச்சர் கியர் ஹப்பின் மேல் மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். இத்தாலிய நிறுவனமான கம்பாக்னோலோவின் ஹப்பில் உள்ள பூட்டு நட்டில் பல வேளைகளில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் காணப்படும். ஆனால் சக்கரம் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், ஒரு பாகத்தின் ஆண்டை ஃப்ரேமின் ஆண்டாக எழுதிவைக்காமல், ஃப்ரேம் எண்ணோடும் மற்றப் பாகங்களோடும் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

நான்காம் படி: கழற்றுதல்

ஸ்பேனரை எடுக்கும் முன் எல்லாக் கோணங்களிலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேபிள் எந்தப் பக்கமாக வளைகிறது, வாஷர் நட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பவை கழற்றியபின் நினைவில் நிற்பதில்லை. ஒவ்வொரு பகுதியின் பாகங்களையும் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதிவையுங்கள்.

மரை சுழலும் திசையை அறியாமல் பலம் கொடுப்பதுதான் பழைய சைக்கிள்களை அதிகம் கெடுக்கிறது. இடது பெடலில் எப்போதும் எதிர் மரை. வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். ஆங்கில அளவுள்ள கிராங்க் (பெடல் கை) அச்சின் வலப்பக்கக் கப்பிலும் எதிர் மரையே இருக்கும். இத்தாலிய ஃப்ரேமில் இரு கப்களுமே வழக்கமான மரை. அதன் அடிக்கூட்டின் (கிராங்க் அச்சு செல்லும் குழாய்) அகலம் 70 மி.மீ., ஆங்கிலேயருடையது 68 மி.மீ. ஆகவே முதலில் அளவுகோலை வைத்து, பிறகு ஸ்பேனரை வையுங்கள்.

காட்டர் பின் (கிராங்க்கை அச்சோடு இறுக்கும் ஆப்பு ஊசி) உள்ள கிராங்க் நம் ஊர்ப் பட்டறைகளில் எல்லாருக்கும் பழக்கமானது. ஆனால் சுத்தியலால் அடிக்கும் வழக்கமான முறை இங்கே ஆபத்தானது. அடி நேராக அச்சுக்கும் பால்ஸ் (பேரிங் குண்டுகள்) ஓடும் தடத்துக்கும் போய்க் குழி விழச் செய்யும். நட்டை முழுவதும் எடுக்காமல், அதன் மேல்முகம் பின்னின் முனையோடு சமமாக வரும்வரை தளர்த்துங்கள். காட்டர் பின் பிரஸ் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால், பின்னின் தலை உள்ளே இறங்கும் அளவுக்குத் துளையுள்ள இரும்புக் குழாய்த் துண்டைத் தரையிலிருந்து கிராங்க்கின் அடிவரை முட்டுக் கொடுத்து, அடியின் விசை முழுவதும் அந்தக் குழாய் வழியாகத் தரைக்கு இறங்குமாறு அமைத்த பிறகே ஒரே உறுதியான அடி கொடுக்க வேண்டும். காட்டர் பின் அசையவில்லை என்றால் துருவிளக்கி எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருங்கள்.

காட்டர் பின் இல்லாத அலுமினியக் கிராங்க்கை எடுக்க அந்தந்த நிறுவனத்துக்குரிய புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வேண்டும். கம்பாக்னோலோவுக்கு 22 மி.மீ., டி.ஏ.வுக்கு 23 மி.மீ., பழைய ஸ்ட்ராங்லைட்டுக்கு 23.35 மி.மீ. அருகிலுள்ள அளவை வைத்துச் சமாளித்தால் கிராங்க்கின் மரை உரிந்துவிடும். சக்கரத்தைப் பிரித்துப் புதிய ரிம்மில் கட்டப்போகிறீர்கள் என்றால், ஸ்போக்ஸ் கம்பிகளை எடுக்கும் முன் ஃப்ரீவீலை (பின் சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி) கழற்றிவிடுங்கள். வெறும் ஹப்பைப் பிடித்துக்கொண்டு அதைக் கழற்றுவது மிகக் கடினம்.

ஐந்தாம் படி: சுத்தம் செய்தலும், பெயின்டைத் தொடாதிருத்தலும்

தொழிற்சாலையிலோ கட்டியவரின் பட்டறையிலோ பூசப்பட்ட பெயின்டும் ஒட்டப்பட்ட எழுத்துகளும் அழிந்தால் திரும்ப வராதவை. கீறல்கள் இருந்தாலும் அவற்றைக் காப்பாற்றுவதே சிறந்த மீட்பு என்பது என் உறுதியான கருத்து. மிதமான சோப்பு நீரில் கழுவி, எழுத்துகளின் மேல் தின்னரோ பெட்ரோலோ படாமல் பார்த்து, மெல்லிய மெழுகு பூசினாலே பல ஃப்ரேம்கள் வியக்கத்தக்க அளவுக்குத் தெளிந்துவிடும்.

குரோம் பூசிய பாகங்களில் மேலோட்டமான துரு இருந்தால், கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். ஆழமான துருவுக்கு ஆக்ஸாலிக் அமிலம் பயன்படும்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 30 கிராம் கரைத்து, எஃகுப் பாகத்தை அதில் ஊறவைத்து, அடிக்கடி எடுத்துப் பார்த்து, பின் சோடா உப்பு கலந்த நீரில் கழுவி உடனே உலர்த்த வேண்டும். இது நச்சு, கையுறையும் கண்ணாடியும் அணியாமல் தொடக்கூடாது, சமையல் பாத்திரம் எதையும் இதற்குப் பயன்படுத்தக்கூடாது. அலுமினியப் பாகங்களை இதில் போடாதீர்கள்.

பெயின்ட் முழுதும் போய்விட்ட ஃப்ரேமை மீண்டும் பூசுவதில் தவறில்லை. ஆனால் முரட்டு மணல்வீச்சு மெல்லிய குழாயை அரித்துவிடும். தடித்த பவுடர் பூச்சு, குழாய்களை இணைக்கும் லக்குகளின் கூரிய ஓரங்களை மூடிவிடும். உடைந்த இணைப்பைச் சாதாரண வெல்டிங் பட்டறையில் ஒட்டவைக்கவே கூடாது. 531 குழாய் பித்தளையோ வெள்ளியோ உருக்கிக் குறைந்த வெப்பத்தில் இணைக்கப்படுவது. வெல்டிங் வெப்பத்தில் இணைப்பின் அருகே எஃகு நொறுங்கும் தன்மை பெற்றுவிடும்.

ஆறாம் படி: பால்ஸ், கப், கோன்

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கப்பிலும் கோனிலும் (பால்ஸ் ஓடும் கிண்ணமும் கூம்பும்) குழிகள் உள்ளனவா என்று பாருங்கள். குழி விழுந்த கோனை மாற்ற வேண்டும். பால்ஸ்களை நிலை எப்படி இருந்தாலும் புதிதாகப் போடுவதே முறை. வழக்கமான அளவுகள்: பின் ஹப்பில் கால் அங்குல பால்ஸ் பக்கத்துக்கு 9, முன் ஹப்பில் 3/16 அங்குல பால்ஸ் பக்கத்துக்கு 10, கிராங்க் அச்சில் கால் அங்குல பால்ஸ் பக்கத்துக்கு 11. விதிவிலக்குகள் உண்டு என்பதால் பழையதை அளந்தே வாங்குங்கள். விரைவுப் பூட்டு (நட்டுக்குப் பதிலாக நெம்புகோலால் இறுக்கும் அமைப்பு) உள்ள ஹப்பில், கையில் வைத்திருக்கும்போது மிகச் சிறிய ஆட்டம் இருக்குமாறு கோனை அமையுங்கள். பூட்டை மூடும்போது அச்சு சற்று அழுந்தி அந்த ஆட்டம் மறைந்துவிடும்.

ஏழாம் படி: டயர், பிரேக், பொருத்துதல்

நம் நாட்டுச் சாலை சைக்கிளின் 28×1½ டயரின் உள்விட்டம் 635 மி.மீ.; பழைய பிரிட்டிஷ் 27 அங்குல ரிம்முக்கு 630 மி.மீ. டயர் வேண்டும், இன்றைய 700சி அளவு 622 மி.மீ. இவற்றில் ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது. டயரின் பக்கத்தில் அச்சிட்ட மூன்று இலக்க எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். 27 அங்குலச் சக்கரத்துக்குப் பதிலாக 700சி சக்கரம் போட விரும்பினால் பிரேக் கட்டைகள் 4 மி.மீ. கீழே இறங்க இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிரேக் கேபிளும் கட்டையும் கட்டாயம் புதியவையாக இருக்கட்டும். அலுமினிய ஸ்டெம், ஹேண்டில்பாரின் இறுக்குமிடம், கம்பாக்னோலோ கிராங்க்கில் கையும் பல்சக்கரத்தைத் தாங்கும் ஐந்து விரல்களும் சேரும் மூலை ஆகியவற்றைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அந்தப் பாகத்தைக் காட்சிக்கு வைத்துக்கொண்டு, ஓட்டுவதற்கு வேறு போடுங்கள். சீட் பில்லருக்கும் ஸ்டெம்முக்கும் தாராளமாகக் கிரீஸ் தடவுங்கள். காட்டர் பின்களைப் பூட்டும்போது, வலது கிராங்க்கை முன்னால் நீட்டினால் நட்டு மேலே வருகிறது என்றால், இடதை முன்னால் நீட்டும்போதும் நட்டு மேலேயே வர வேண்டும்; இல்லையேல் இரு பெடல்களும் ஒரே நேர்கோட்டில் நிற்காது.

கழற்றி ஒதுக்கிய அசல் பாகங்களை எறியாமல், எதை எப்போது மாற்றினீர்கள் என்ற குறிப்போடு பத்திரப்படுத்துங்கள். முதலில் வாகனம் இல்லாத தெருவில் பிரேக்கைச் சோதித்து, பிறகு சில கிலோமீட்டர் ஓட்டித் திரும்பி, காட்டர் நட்டுகளையும் ஹெட் கப்பையும் (தலைக் குழாயின் பேரிங் கிண்ணம்) மறுபடி இறுக்கி, நீண்டுபோன புதுக் கேபிள்களைச் சரிசெய்யுங்கள்.