முக்கால் இஞ்சி பைப்பில் ஒரு மூச்சு

என் தொழில் பைப் பொருத்துவது. மட்டக்களப்புப் பக்கம், களுவாஞ்சிக்குடிக்கும் கல்லாற்றுக்கும் இடையில் எத்தனை வளவுகளில் கிணற்றடி மோட்டருக்கு லைன் இழுத்திருப்பேன் என்று கணக்கில்லை. தண்ணீர் போக வேண்டிய பைப்பில் காற்றை ஊதப் பழகியது ஐம்பத்திரண்டு வயதில். ஜப்பான்காரரின் மூங்கில் குழலான ஷகுஹாச்சியைப் பழக வேண்டும் என்று என்னிடம் வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொல்லித் தந்தவர் ஜப்பானில் இருந்து தொண்டு வேலைக்கு வந்து இரண்டு வருசம் இந்தப் பக்கம் இருந்த ஒரு அம்மா. அவர் வாடகைக்கு இருந்த வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று போனேன். பின் விறாந்தையில் யாரோ சங்கை மெதுவாக ஊதுவது போல ஒரு சத்தம். ஒரே சுரம்தான், நீண்டுகொண்டே போய் அப்படியே அடங்கியது. வோஷர் மாற்றுகிற வேலையை ஒரு மணித்தியாலம் இழுத்தேன்.

முதலில் குழல். மாதகே என்கிற மூங்கிலின் வேரடித் துண்டில்தான் அசல் குழல் செய்வார்கள். நல்லது ஒன்று நம் காசுக்கு லட்சக்கணக்கில் வரும். பழகுகிறவருக்கு அது தேவையில்லை. ஹாட்வெயார் கடையில் முக்கால் இஞ்சி எஸ்லோன் (பிவிசி) பைப் வாங்குங்கள். உள்விட்டம் 20 மில்லிமீற்றருக்குக் கிட்ட இருந்தால் போதும். நீளம் 54.5 சென்ரிமீற்றர். அந்த நீளம் பெயரிலேயே இருக்கிறது: ஒரு ஷகு என்பது 30.3 சென்ரிமீற்றர், ஹாச்சி என்றால் எட்டு, அதாவது ஒரு ஷகுவும் பத்தில் எட்டுப் பங்கும். அளவையே பெயராக வைத்திருக்கிறார்கள். எங்கள் தொழில் ஆட்கள் வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும்.

துளைகள் ஐந்து. முன்னால் நான்கு, பின்னால் பெருவிரலுக்கு ஒன்று. கீழ் நுனியில் இருந்து அளந்து என் பைப்பில் சரிவந்தவை 12, 17.4, 22.5, 28.3 சென்ரிமீற்றர். பின் துளை 31.5. எடுத்த எடுப்பில் பெரிய துளை போடாதீர்கள். 8 மில்லிமீற்றரில் தொடங்கி, சுருதி பார்த்துப் பார்த்து அரத்தால் விரியுங்கள். துளை விரிய விரியச் சுரம் ஏறும், ஏறியதை இறக்க வழியில்லை. அவசரப்பட்டு நான் இரண்டு பைப்பை வீணாக்கினேன். மேல் நுனியில் முன்பக்கத்தை மட்டும், பெருவிரல் நகத்தின் அகலத்துக்கு, வெளிப்புறமாகச் சரித்து அராவுங்கள். உள்விளிம்பு கூராக நிற்க வேண்டும். சத்தம் பிறப்பது அந்த விளிம்பில்தான்.

இனி வாய். மேல் நுனியின் பின்விளிம்பைக் கீழுதட்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் வையுங்கள். பைப்பின் வாயை உங்கள் நாடி, அதாவது முகவாய், பெரும்பாலும் மூடிவிடும், முன்னால் ஒரு சின்ன இடைவெளிதான் மிஞ்சும். வெறும் சோடாப் போத்தலை ஊதுகிற மாதிரி, மெல்லிய காற்றை அந்தக் கூர் விளிம்பில் படும்படி விடுங்கள். சத்தம் வராது. ‘ஃபூ’ என்று காற்றுத்தான் போகும். எனக்கு ஒன்பது நாள் அப்படித்தான் போனது. சத்தம் வரவில்லை என்று பலமாக ஊதினால் தலை சுற்றும், அவ்வளவுதான். ஊதுகிற பலத்தைக் குறைத்து, உதட்டுத் துவாரத்தைச் சிறிதாக்கி, குழலை ஒரு நூல் அளவு மேலே கீழே அசைத்துத் தேடுங்கள். கண்ணாடிக்கு முன் நின்றால் சுகம்.

அந்த ஒன்பது நாளில்தான், இந்தக் குழலோடு சேர்ந்த ஸென் என்கிற தியான மரபு என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. அம்மாவுக்குத் தமிழ் பத்துப் பதினைந்து சொல்தான் தெரியும். அதில் ஒன்று, சந்தையில் பிடித்த நம் ஊர்ச் சொல்: மறுகா, அதாவது மறுபடியும். நான் ஊதுவேன், காற்று மட்டும் போகும், முகம் சுருங்கும். அவர் “மறுகா” என்பார். ஒருநாள் எப்படியோ சத்தம் வந்துவிட்டது. நான் குதிக்காத குறை. அவர் அதே குரலில் “மறுகா” என்றார். கோபம்தான் வந்தது. வந்த மூச்சையும் வராத மூச்சையும் அவர் ஒரே தட்டில் வைத்தது விளங்க எனக்குப் பல மாதம் எடுத்தது. ஆகவே உங்களுக்கும் நான் சொல்லும் முதல் பயிற்சி இதுதான். ஒரு மூச்சு ஊதுங்கள். நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் குழலை இறக்குங்கள். மறுகா அடுத்த மூச்சு. காலையில் பத்து நிமிடம், ஒரு மாதம்.

நம் தியானம் என்ற சொல்தான் சீனத்தில் சான் ஆகி, ஜப்பானில் ஸென் ஆனது. அங்கே ஃபுகே என்று ஒரு ஸென் பிரிவு இருந்தது. அதன் துறவிகளுக்கு இந்த ஊதலே தியானம், அதைச் சுய்ஸென் என்பார்கள். கொமுசோ என்று அந்தத் துறவிகளுக்குப் பெயர், வெறுமையின் துறவிகள் என்று பொருள். முகம் தெரியாதபடி கூடை போன்ற பெரிய தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு தெருத்தெருவாக ஊதிப் பிச்சை எடுத்தார்கள். 1871இல் மெய்ஜி அரசு அந்தப் பிரிவையே கலைத்துவிட்டது. இசை மிஞ்சியது. அவர்களுடைய பழைய உருப்படிகளை ஹொன்கியோகு என்கிறார்கள். கின்கோ என்ற பெரிய மரபு, 18ஆம் நூற்றாண்டில் அவற்றில் முப்பத்தாறைச் சேர்த்துவைத்த குரொசாவா கின்கோவின் பெயரால் வந்தது.

தொப்பிக் கதையை வீட்டில் சொன்னது என் பிழை. மறுநாள் நான் ஊதிக்கொண்டிருக்கும்போது பேரன் பனையோலைக் கடகம் ஒன்றைக் கொண்டுவந்து என் தலையில் கவிழ்த்துவிட்டான். “அப்பப்பா, இப்ப உங்கள ஒருத்தருக்கும் தெரியாது” என்றான். உண்மையைச் சொன்னால், கடகத்துக்குள் நன்றாகவே ஊதினேன். மதிலுக்கு அப்பால் யார் கேட்கிறார்கள் என்ற யோசனை போய்விடுகிறது. வெட்கப்படுகிற பிள்ளைகளுக்கு இப்போது நானே கடகம் கொடுக்கிறேன்.

சத்தம் நிலைத்து நிற்கத் தொடங்கியதும் ஐந்து துளையையும் மூடி ஊதுங்கள். அந்தச் சுரத்துக்கு ரோ என்று பெயர். கீழ்க்கையின் மோதிரவிரல், சுட்டுவிரல், மேல்கையின் மோதிரவிரல், சுட்டுவிரல், மேல்கைப் பெருவிரல் ஆகியவை துளைகளுக்கு. நடுவிரல் இரண்டும் கீழ்க்கைப் பெருவிரலும் குழலைப் பிடிக்க மட்டும், அவை எழும்பவே கூடாது. ரோவை மெதுவாகத் தொடங்கி, மூச்சு முடியும் வரை கொண்டுபோய், எங்கே முடிந்தது என்று உங்களுக்கே தெரியாதபடி விட வேண்டும். பிறகு உடனே மூச்சு இழுத்து அடுத்ததுக்குப் பாயாதீர்கள். அந்த இடைவெளியை ஜப்பானியர் மா என்பார்கள். மண்டூர் முருகன் கோயில் வாய்கட்டிப் பூசையைப் பார்த்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. மந்திரம் கேட்காது, ஆனால் பூசை நடந்துகொண்டிருக்கிறது என்று சனம் முழுவதும் அசையாமல் நிற்கும். அப்படி நில்லுங்கள்.

துளைகளைக் கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் ரோ, ட்சு, ரே, ச்சி, ரி என்று ஐந்து சுரம். சங்கீதம் படித்தவர்கள் ஊதிப் பாருங்கள், அது சுத்த தன்யாசி. ட்சுவைச் சட்சமாக வைத்தால் மோகனம் வந்துவிடும். எனக்கு இதைக் காட்டித் தந்தவர் எங்கள் ஊர்ச் சங்கீத ரீச்சர். ஆனால் ஹொன்கியோகு இந்த ஐந்தோடு நிற்பதில்லை. நாடியைத் தாழ்த்தினால் சுரம் இறங்கி, சத்தமும் மங்கிக் கறுக்கும். அதற்கு மெரி என்று பெயர். நிமிர்த்தினால் ஏறும், அது கரி. ட்சுவையும் ரியையும் மெரியில் இறக்கி ஊதும்போது கர்நாடக சுத்த சாவேரிக்குக் கிட்டப் போய் நிற்கும், நெஞ்சு கனக்கும். தலையாட்டப் பழகவே மூன்று வருசம் என்று ஜப்பானில் பழமொழி உண்டு. நான் இன்னும் அந்த மூன்று வருசத்துக்குள்தான் நிற்கிறேன், ஆறு வருசமாக. புல்லாங்குழல் தெரிந்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நாக்கால் வெட்டாதீர்கள். ஒரே சுரத்தைத் திரும்ப எடுக்க விரலால் ஒரு தட்டு, அதுவே போதும்.

இடம் முக்கியம். கடற்கரையில் ஊதினால் அழகாக இருக்கும் என்று நினைத்து, கச்சான் காற்று வீசுகிற மாதத்தில் போய் நின்றேன். சத்தமே இல்லை. பழகியதெல்லாம் போய்விட்டது என்று பயந்து வீட்டுக்கு வந்து ஊதினால் வருகிறது. உதட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே காற்றுக் குறுக்கிட்டால் எந்த வித்துவானாலும் ஊத முடியாது. விடியப்புறம், காற்று எழும்ப முன், வாவிக்கரை நல்லது. குருமண்வெளித் துறையில் முதல் ஓடத்துக்கு நிற்கிற சனம் ஒன்றும் சொல்லாது.

பைப் குழலுக்குப் பராமரிப்பு என்று பெரிதாக இல்லை, கழுவிக் காயவிட்டால் சரி. வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். நன்றாகச் சுருதி சேர்ந்த ஒன்றை ஓட்டோவின் முன்கண்ணாடிக்குக் கீழே மறந்து வைத்து, மத்தியானம் எடுத்தால் வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. எறிய மனமில்லை. கிணற்றடிச் செவ்வரத்தைக்குத் தண்ணீர் போகப் பொருத்தியிருக்கிறேன். ஐந்து துளையாலும் ஒழுகுகிறது.