பான்யோஸ் போறவங்க திரும்பத் திரும்ப பண்ற தப்புகள்

ஈக்வடார்ல ஆண்டிஸ் மலைச்சரிவுல இருக்கிற பான்யோஸுக்கு தலைநகர் கீட்டோவுல இருந்து அடிக்கடி ஆளுங்கள கூட்டிட்டு போறேன். போன வாரம் வந்த குரூப்பும் அதே பழைய தப்புகளையே பண்ணாங்க, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். ரெயின்கோட் எடுங்க, சன்ஸ்கிரீன் போடுங்கங்கறதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அத விட்டுடறேன்.

ஒரே நாள்ல போய் திரும்பறது

கீட்டோவுல பஸ் ஏறினா மூணரை மணி நேரம், ட்ராஃபிக்ல மாட்டினா நாலு. போக வரவே பகல் பொழுது தீந்துடும், மிஞ்சற நேரத்துல மலை மேல இருக்கிற ஊஞ்சல்ல ஒரு போட்டோ அருவில ஒரு போட்டோ எடுத்துட்டு ஓடி வரணும். ரெண்டு ராத்திரியாவது தங்குங்க.

சனிக்கிழமை போறது

வேணாம். பக்கத்து நகரம் ஆம்பாட்டோ, கீட்டோ ஜனமெல்லாம் அன்னிக்கு அங்கதான்.

பிரேக் பாக்காம சைக்கிள் எடுக்கறது

இத நெனச்சாலே எனக்கு இன்னும் கோவம் வருது. ஊர்ல இருந்து பூயோங்கற ஊருக்கு போற ரோட்ல பஸ்தாசா ஆத்துப் பள்ளத்தாக்க ஒட்டியே அருவிங்க வரிசையா வரும், ரியோ வெர்தேங்கற கிராமம் வரைக்கும் கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம்தான். இறக்கம்னு காதுல விழுந்ததும் எல்லாரும் ஈஸின்னு நெனச்சுக்கறாங்க, ஆனா இறக்கத்துல பிரேக்க விட்டா வேற என்ன இருக்கு? தெருவெல்லாம் சைக்கிள் வாடகைக் கடை, நம்ம ஆளுங்க சீட் உயரத்த மட்டும் பாத்துட்டு கெளம்பிடறாங்க.

என்கூட வந்த ஒரு தம்பி, "அண்ணே, இங்க ரெண்டு டாலர் கம்மி"ன்னு ஒரு கடைல எடுத்தான், நான் போய் பாக்கறதுக்குள்ள காசும் குடுத்துட்டான். பின் பிரேக் லீவர அழுத்தினா நேரா ஹேண்டில்பார்ல போய் முட்டுது. மாத்துடான்னா, "முன்னாடி பிரேக் நல்லா புடிக்குதுண்ணே, பாத்துக்கலாம்"ங்கறான். மழை பேஞ்சு ஈரமா இருந்த ஒரு வளைவுல முன் பிரேக்க மட்டும் இறுக்கிப் புடிச்சான், சக்கரம் வழுக்கிடுச்சு, தோள் தரைல அடிச்சு காறை எலும்பு உடைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் ஆம்பாட்டோ ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே, ஃப்ளைட் டிக்கெட் மாத்தினதுன்னு செலவு மேல செலவு, இன்சூரன்ஸ்ல அட்வென்சர் கவர் சேக்காததால எல்லாமே கைக்காசு. ரெண்டு டாலர் மிச்சம் புடிக்கப் போய்!

கடை வாசல்லயே பண்ண வேண்டியது இவ்வளவுதான். லீவர முழுசா அழுத்துங்க, கைப்பிடிய தொடக்கூடாது. சைக்கிள கொஞ்சம் தூக்கி சக்கரத்த சுத்திவிட்டு பிரேக் புடிங்க, டக்குனு நிக்கணும். பிரேக் கட்டை தேஞ்சு போயிருந்தா பக்கத்துக் கடைக்கு போயிடுங்க, கடைக்காரர் மொகம் சுளிச்சா சுளிக்கட்டும். ஹெல்மெட்டோட பெல்ட்டையும் போட்டுப் பாருங்க.

அப்புறம் டனல். ஆகோயான் அணைப் பக்கம் வர்ற முதல் டனல மட்டும்தான் சைக்கிள் உள்ள போய் கடக்கணும், அடுத்தடுத்து வர்றதுக்கெல்லாம் மலையோரமா பழைய ரோடு சுத்திப் போகும், சைக்கிள் படம் போட்ட போர்டும் இருக்கும். அத கவனிக்காம லாரியோட லாரியா இருட்டுக்குள்ள நுழையறவங்கள பாத்தா எனக்கு வயித்தக் கலக்கும். திரும்பி வர்றப்ப மிதிக்க வேணாம், ரியோ வெர்தேல சைக்கிளோட சேத்து ஏத்திட்டு வர டிரக் நிக்கும்.

வெந்நீர்க் குளத்துல தண்ணி அழுக்குன்னு முகம் சுளிக்கறது

மஞ்சளும் பழுப்புமா இருக்கறது அழுக்கு இல்ல. துங்குராவா எரிமலைச் சூட்டுல காஞ்சு பூமிக்குள்ள இருந்து தாதுக்களோட வர்ற தண்ணி அப்படித்தான் இருக்கும். ஆனா மத்தியானம் கூட்டத்தோட கூட்டமா எறங்கறது நல்லா இருக்காது, அருவி அடிவாரத்துல இருக்கிற தெர்மாஸ் டி லா வீர்ஹென் குளத்துக்கு காலைல தொறந்ததும் போங்க, இல்லன்னா ராத்திரி. நீச்சல் தொப்பி இல்லாம உள்ள விடமாட்டாங்க. ரொம்ப சூடான தொட்டில எறங்கினா கொஞ்ச நேரத்துல வெளிய வந்து பச்சத்தண்ணில ஒரு முழுக்கு போட்டுட்டு மறுபடி எறங்குங்க, அதான் அந்த ஊர்க்காரங்க பழக்கம், அந்த சுகமே தனி. பியர் குடிச்சிட்டு எறங்கறவங்க தலை சுத்தி உக்காந்துடறாங்க.

புவென்ட்டிங்

பாலத்துல இருந்து கயிறு கட்டிக்கிட்டு குதிக்கறதுதான் இது. பயமா இருந்தா குதிக்காதீங்க. குடுத்த காசு போனா போகட்டும்.

ஊஞ்சலுக்கு மத்தியானம் போறது

காசா டெல் ஆர்போல்ங்கற மரவீட்டு ஊஞ்சல் கிட்டத்தட்ட 2,600 மீட்டர் உயரத்துல இருக்கு, ஊரவிட சுமார் 800 மீட்டர் மேல. அந்த மரவீடே துங்குராவா எரிமலைய கண்காணிக்கத்தான் இருந்துச்சு. 1999ல ஊரையே காலி பண்ண வெச்ச மலை, 2016 வரைக்கும் விட்டு விட்டு பொகைஞ்சிட்டு இருந்துச்சு. 5,023 மீட்டர் சிகரம் எதிர்க்க நின்னாலும் மேகம் மூடிட்டா ஒண்ணும் தெரியாது. காலைல வானம் தெளிஞ்சிருந்தா மத்த பிளான தள்ளி வெச்சிட்டு மொதல்ல மேல போயிடுங்க.

நூறு டாலர் நோட்டு

அங்க புழக்கமே அமெரிக்க டாலர்தான், ஆனா சில்லறை இருக்காது. அஞ்சும் பத்துமா கொண்டு போங்க.

பைலோன் டெல் தியாப்லோவுல தப்பான வாசல்

இந்த அருவிக்கு ரெண்டு பக்கம் வழி, ரெண்டுக்கும் தனித்தனி டிக்கெட். ஒரு பக்கம் தொங்குபாலத்துல நின்னு முழுசா பாக்கலாம். அருவிக்கு பின்னாடி பாறை இடுக்குல குனிஞ்சு தவழ்ந்து போற வழி எந்தப் பக்கம் இருக்குன்னு டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க, அங்க போனா தொப்பலா நனைவீங்க, மொபைல ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு கட்டிடுங்க.