சல்மன் மீனைப் பற்றிப் பேசும்போது நாம் விடும் பிழைகள்

முதல் பிழை கடையிலேயே தொடங்குகிறது. இலங்கைத் தோட்டப்புறங்களில் 'செமன்' என்று கேட்டு வாங்குகிற டின்னில் இருப்பது பெரும்பாலும் மெக்கரல் வகை மீன்தான். சல்மனின் உண்மையான உறவுக்காரனைப் பார்க்க ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளுக்குப் போகவேண்டும். வெள்ளைக்காரர் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்ட வானவில் ட்ரவுட்டும் பசிபிக் சல்மனும் ஒரே பேரினம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் இதே ட்ரவுட்டில் ஒரு பகுதி, சல்மனைப் போலவே, ஆற்றில் பிறந்து கடலுக்குப் போய் வளர்ந்து முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும். இங்கே அதற்கு வழியில்லை, மலையை விட்டு இறங்க இறங்க ஆறு அதற்குத் தாங்காத அளவு சூடாகிவிடும்.

தண்ணீர் தெளிவாக ஓடினால் மீன் நன்றாக இருக்கும் என்று நினைப்பதும் பிழைதான், ஏனென்றால் சூடு கண்ணுக்குத் தெரியாது. நீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும், அதே நேரம் மீனின் உடம்பு கூடுதலாகக் கேட்கும். 20 பாகை செல்சியஸைத் தாண்டினால் சல்மன் திணறத் தொடங்கும். 2015 கோடையில், மலைப்பனி குறைந்துபோன வருடம், வட அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றுத்தொகுதியில் முட்டையிட ஏறி வந்த சுமார் 250,000 சொக்கை என்ற வகைச் சல்மன் சூட்டில் செத்துப்போயின.

அப்புறம் மழை. மழை பெய்தால் ஆற்றுக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அடைமழைக்கு மறுநாள் லயத்துக்குக் கீழே ஓடும் ஆற்றில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள், இடுக்கெல்லாம் செம்மண் அப்பியிருக்கும், விரலால் வழித்தால் குழைத்த மா மாதிரி வரும். தாய் சல்மன் வாலால் சரளைக்கல்லைக் கிளறிப் பள்ளம் செய்து முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும், அந்த முட்டைகள் மாதக்கணக்கில் கல்லிடுக்கில் ஓடும் நீரை நம்பித்தான் மூச்சு விடுகின்றன. இப்படி மண் வந்து இடுக்கை அடைத்தால் அத்தனையும் மூச்சடைத்துச் சாகும். தேயிலை மலையில் கான் தூர்ந்துபோக விட்டு, புல்லைச் சுரண்டி வெறும் மண்ணாக்கி, ஆற்றோரத்து மரத்தையும் விறகுக்கு வெட்டினால் நம் ஆறுகளுக்கும் இதேதான் நடக்கும், நிழலும் போகும், மண்ணும் இறங்கும்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை கடலை மறப்பது. குஞ்சு கடலில் இறங்கும் முதல் சில மாதங்கள்தான் மிக ஆபத்தானவை. வசந்தகாலக் காற்று ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீரை மேலே இழுத்துவரும்போது குஞ்சும் அங்கே இருக்கவேண்டும், முந்தினாலும் பிந்தினாலும் தீனி கிடைக்காது, வளராத குஞ்சைப் பெரிய மீனும் பறவையும் தின்றுவிடும். 2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக்கில் வெப்பநீர் பரவிக் கிடந்தபோது, கொழுப்பு நிறைந்த குளிர்நீர்ச் சிற்றுயிர்கள் குறைந்து மெலிந்த வகைகள் வந்தன. அப்படியான வருடத்தில் ஆறு எவ்வளவு நன்றாக இருந்தும் என்ன பயன்?

இதனால்தான், இந்த வருடம் எத்தனை மீன் திரும்பியது என்று பார்த்து இந்த வருடத்து ஆற்றுக்கு மார்க் போடக்கூடாது. இன்று வருவது சில வருடங்களுக்கு முன் கடலுக்குப் போனது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓடும் கிளமத் ஆற்றில் 4 அணைகளை அகற்றி முடித்த 2024இன் இலையுதிர் காலத்திலேயே சல்மன்கள் பழைய அணைகளைத் தாண்டி மேலே போய்விட்டன, எனக்கும் மனம் நிறைந்த செய்திதான். ஆனால் அவை இட்ட முட்டையில் பிறந்த குஞ்சுகளைக் கடல் எப்படி நடத்தியது என்பது 2027, 2028 வாக்கில் அவை திரும்பி வரும்போதுதான் தெரியும்.