எழுத்துக்கு முன்னால் காது: வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்குச் சில ஒலி விளையாட்டுகள்

“ப... ட்... ட... ம்...” என்று எழுத்தெழுத்தாகச் சொல்லிவிட்டு, “படம்!” என்று முடிக்கிற ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். எழுத்தெல்லாம் தெரியும், சேர்க்கும்போது நடுவில் இருந்த ‘ட்’ நழுவிவிடுகிறது. ஒவ்வொரு சொல்லோடும் இப்படி மல்லுக்கட்டினால், வரி முடிவதற்குள் முதல் சொல் மறந்துவிடும். அப்புறம் கதை எங்கே புரியும்?

பத்து முறை எழுதச் சொல்வதால் இது சரியாகாது. பேச்சின் ஒலிகளைக் காதால் பிரிக்கவும் சேர்க்கவும் பழகிய பிள்ளை, சொல்லைச் சட்டென்று கூட்டிவிடும். கவனம் பொருளுக்குப் போகும். நாலு, ஐந்து வயதில் தினமும் பத்து நிமிடம் விளையாடினால் போதும்.

படி 1: கைதட்டல்

புத்தகம் வேண்டாம். மா-டு, கு-ரு-வி என்று, சொல்லும்போது துண்டாகக் கேட்கும் ஒவ்வொரு அசைக்கும் ஒரு தட்டு. ‘பட்டம்’ என்பதற்குப் பிள்ளை இரண்டே தட்டு (பட்-டம்) தட்டினால் சரிதான். எழுத்து நாலு ஆயிற்றே என்று திருத்த வேண்டாம். காதுக்கு முதலில் பிடிபடுவது அசைதான். 1974இல் இசபெல் லிபர்மன் என்ற ஆய்வாளரின் குழுவினர் அமெரிக்கப் பிள்ளைகளைச் சோதித்தபோது, நாலு வயதினரில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் சொல்லை அசையாகப் பிரித்தார்கள். தனித்தனி ஒலியாகப் பிரிக்க ஒருவருக்கும் வரவில்லை.

படி 2: முதல் ஒலி வேட்டை

“கா-வில் ஆரம்பிக்கிறது என்னென்ன?” காது, காக்கா, காபி. பஸ்ஸில் போகும்போதுகூட ஆடலாம்.

படி 3: உயிர்மெய்யை உடைப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். ‘மு’ பார்க்க ஒரே எழுத்து. உள்ளே ம், உ என்று இரண்டு ஒலி. அது பிள்ளைக்குத் தானாகத் தெரியாது. இழுத்துச் சொல்லக்கூடிய ‘ம்’-இல் தொடங்குங்கள். உதட்டை மூடி “ம்ம்ம்மாடு” என்று சொல்லிக்காட்டி, “ம்ம்ம் இல்லாமல் சொல்லு” என்று கேளுங்கள். ஆடு! மலையில் எடுத்தால் அலை, மணியில் எடுத்தால் அணி. பழகியதும் தூசியை ஊசி ஆக்கலாம். அடுத்து மாற்றி வைப்பது: பால், கால், வால். இந்த ஆட்டத்தில் ‘இம்மன்னா’, ‘இப்பன்னா’ என்று எழுத்தின் பெயரைச் சொல்லாதீர்கள், ஒலியை மட்டும் சொல்லுங்கள். முதல் வாரம் திருதிருவென்று முழிப்பார்கள்; முழிக்கட்டும்.

படி 4: ஒலியோடு எழுத்து

காகிதத் துண்டுகளில் க, ல், ா என்று எழுதிக்கொள்ளுங்கள். ‘கல்’ வைத்து, நடுவில் துணைக்காலைச் செருகினால் ‘கால்’. இப்படியே ப, ட, ம் வைத்துப் ‘படம்’. ஒரு ‘ட்’ சேர்த்தால் ‘பட்டம்’. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பல்லி, பள்ளி வேறுபாடும் இப்போது வரலாம். ஆனால் வீட்டில் நாமே இரண்டையும் ஒரே மாதிரி சொல்லிக்கொண்டு பிள்ளையின் காதைக் குறை சொல்லக் கூடாது.

படி 5: பொருளுக்குப் போவது

“சுவரில் பல்லி ஓடியது” என்று வாசித்ததும், “எது ஓடியது? எங்கே?” என்று கேளுங்கள். கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: வாசித்துப் புரிதல் என்பது சொல்லைக் கூட்டும் திறனும் மொழியறிவும் சேர்ந்த பெருக்கல். ஒன்று பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். சரளமாக வாசித்தும் கதை சொல்லத் தெரியாத பிள்ளைக்கு மேலும் கைதட்டல் உதவாது. அதற்குக் கதை படித்துக் காட்ட வேண்டும். நாம் பேசுவது ‘வந்துட்டான்’, புத்தகத்தில் இருப்பது ‘வந்துவிட்டான்’. அந்த நடையும் காதில் விழுந்திருக்க வேண்டுமல்லவா?

ஒரு விஷயம். அடிக்கடி சளி, காதுவலி என்று அவதிப்படும் பிள்ளைக்கு இந்த விளையாட்டுகள் பிடிபடவே இல்லையென்றால், முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள்.